படகு ட்ரெய்லர் பேரிங்: ஹப்பில் எந்த முறை, வண்டியில் எந்த உதிரி?

படகு ட்ரெய்லரின் சக்கர பேரிங் ஓடித் தேய்ந்து கெடுவது அபூர்வம். தண்ணீர் புகுந்து, நின்ற இடத்திலேயே துருப்பிடித்துக் கெடுவதுதான் வழக்கம். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவந்த ஹப் (சக்கரம் பூட்டியிருக்கும், பேரிங்குகளைத் தாங்கும் நடுக்குடம்) சூடாக இருக்கும். உள்ளே காற்று விரிந்திருக்கும். அதே சூட்டோடு சரிவில் பின்னால் தள்ளிப் படகை இறக்கினால் ஹப் குளிர்ந்த நீரில் முங்கும், காற்று சட்டென்று சுருங்கும். அப்போது உண்டாகும் வெற்றிடம் பின்பக்க ரப்பர் சீலின் உதட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் (ஹப் சுழலும் அச்சு முனை) நடுவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு தடவைக்குச் சில சொட்டுதான் வரும், ஆனால் வந்தது வெளியே போக வழியில்லை. கிரீஸோடு கலந்து பால் நிறமாகிவிடும். ட்ரெய்லர் இரண்டு மாதம் சும்மா நிற்கையில், ரோலர்கள் தாம் ஓடும் வளையமான ரேஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் கோடு கோடாகத் துரு பிடிக்கும். அடுத்த பயணத்தில் அந்தக் கோடுகள் பொரிந்து குழியாகும். குழி விழுந்த ரேஸ் சூடேறும். சூட்டில் கிரீஸ் உருகி ஓடும். கடைசியில் பேரிங் ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சக்கரம் ஹப்போடு கழன்று போகும்.

எனவே முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. தண்ணீரைத் தடுக்க ஹப்பில் எந்த முறையை வைப்பது? அதையும் மீறிக் கெட்டால் சாலையோரத்தில் மாற்ற எதைக் கையோடு கொண்டுபோவது? முதலில் எடுக்கும் முடிவுதான் இரண்டாவதைத் தீர்மானிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஹப்பில் எந்த முறை

சாதாரண டஸ்ட் கேப் உள்ள ஹப்பில் முன்னால் தட்டிச் செருகிய தகர மூடி, பின்னால் ஒரு சீல், நடுவே கையால் அடைத்த கிரீஸ், அவ்வளவுதான். பழுதாகும்படியான நுணுக்கமான பாகம் ஏதுமில்லை. ஆனால் வெற்றிடத்தைத் தடுக்கவும் அதில் ஏற்பாடு இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நன்னீரில் இறக்குபவர், ஆண்டுதோறும் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைப்பவராக இருந்தால் இதுவே போதும். உப்புநீரில் இறக்குபவருக்கு இது போதாது.

அடுத்தது ஸ்பிரிங் மூடி. பேரிங் பட்டி என்ற வணிகப் பெயரில்தான் பலருக்கும் தெரியும். டஸ்ட் கேப்புக்குப் பதில் ஓர் உலோக உருளை, அதற்குள் ஸ்பிரிங் அழுத்தும் பிஸ்டன், பிஸ்டன் நடுவில் கிரீஸ் நிப்பிள். கிரீஸ் கன்னால் அடிக்கும்போது பிஸ்டன் சுமார் 3 மில்லிமீட்டர் வெளியே வரும். ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஹப்புக்குள் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) அழுத்தம் நிற்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 1.4 பி.எஸ்.ஐ.தான், ஹப் அந்த ஆழத்துக்கு இறங்குவதே அரிது. ஆகவே ஹப் குளிரும்போது தண்ணீர் உள்ளே வராது, பிஸ்டன்தான் கொஞ்சம் உள்ளே நகரும். எளிய, நல்ல ஏற்பாடு.

இதைக் கெடுப்பது பயன்படுத்துபவரின் தாராளம்தான். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் நாலு அடி அடித்துவிடுவார்கள். பிஸ்டன் முழுக்க வெளியே வந்தபின்னும் அடித்தால் அழுத்தம் முழுவதும் பின் சீலின் மேல் விழும், சீல் பிதுங்கும், கிரீஸ் பிரேக் லைனிங்கில் போய் அப்பும். பிஸ்டனின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அசைந்துகொடுத்தால் உள்ளே கிரீஸ் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஓர் அடிகூட வேண்டாம். இன்னொரு விஷயம்: முன்னாலிருந்து அடிக்கும் புதுக் கிரீஸ் மூடிப் பக்கமுள்ள வெளிப்பேரிங்கைத்தான் தொடும். சீல் பக்கமுள்ள உள்பேரிங் பழைய கிரீஸிலேயே கிடக்கும், முதலில் கெடுவதும் பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிங் மூடி போட்டுவிட்டதால் ஹப்பைக் கழற்றவே வேண்டாம் என்று நினைப்பவர்களின் ட்ரெய்லர்தான் வழியில் நிற்கிறது. மூடி வாங்கும்போது ஹப் வாயின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து வாங்குங்கள். 1.980 அங்குலம், அதாவது 50.3 மில்லிமீட்டர், பரவலான அளவு, 1.781 அங்குலமும் உண்டு. சற்றே தளர்வாகப் பொருந்தும் மூடி ஓட்டத்தில் எங்கேயோ விழுந்துவிடும், பிறகு ஹப் திறந்த வாயோடு தண்ணீரில் இறங்கும்.

மூன்றாவது, ஸ்பிண்டில் வழியே கிரீஸ் செலுத்துவது. ஸ்பிண்டிலின் நடுவே துளையிட்டு முனையில் நிப்பிள் வைத்திருப்பார்கள், அதை ஒரு ரப்பர் அடைப்பான் மூடியிருக்கும். அடிக்கும் கிரீஸ் பின் சீலுக்கும் உள்பேரிங்குக்கும் நடுவே வெளிப்பட்டு, உள்பேரிங்கைத் தாண்டி, ஹப்பின் குழியை நிரப்பி, வெளிப்பேரிங் வழியாக உங்கள் கண்முன் வந்து விழும். பழைய கிரீஸின் நிறத்தைப் பார்த்தே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஆனால் செய்கிற விதத்தில் செய்ய வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கைக் கன்னால் மெதுவாக அடிக்க வேண்டும். காற்றழுத்தக் கன் கூடவே கூடாது. காலி ஹப்பை முதன்முறை நிரப்ப 400 கிராம் குழாயில் பெரும்பகுதி போய்விடலாம். சீல் தேய்ந்திருந்தால், முன்னால் வரவேண்டிய கிரீஸ் பின்னால் பிரேக் டிரம்முக்குள் போகும். அடிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு இது வசதி. பிரேக் உள்ள ட்ரெய்லரில் இந்த வழியை நம்பிக் கிரீஸ் அடிப்பதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. அந்தத் துளை இருந்தாலும் கையால் கழற்றி அடைப்பதே பத்திரம்.

ஆயில் ஹப் வேறு வகை. கிரீஸுக்குப் பதில் கியர் ஆயில், முன்னால் கண்ணாடி போன்ற மூடி. அளவுக் கோடும் ஆயிலின் நிறமும் குனிந்து பார்த்தாலே தெரியும். ஆயில் பால் நிறமானால் தண்ணீர் இறங்கிவிட்டது. தொலைதூரம் அடிக்கடி இழுப்பவருக்கு இது பிடிக்கும், ஹப் குளிர்ச்சியாக ஓடும். பலவீனம் என்னவென்றால், கிரீஸ் ஹப்பில் சீல் கொஞ்சம் கசிந்தாலும் நாள் கடத்தலாம், இதில் முடியாது. மூடியில் ஒரு கல் பட்டு விரிசல் விட்டால் ஆயில் முழுக்க ஓடி, பேரிங் உலர்ந்து போகும். ட்ரெய்லர் மாதக்கணக்கில் நின்றால் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும் ரோலர்கள் வறண்டு துருப்பிடிக்கும். ஆகவே ஆண்டின் பாதியை நிறுத்திவைத்தே கழிக்கும் ட்ரெய்லருக்கு இது பொருந்தாது. அப்படி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறையாவது சில மீட்டர் உருட்டி விட வேண்டும்.

அல்-கோ போன்ற ஐரோப்பிய ஆக்சில்களில் வரும் சீல் செய்த கார்ட்ரிட்ஜ் பேரிங் பற்றி ஒரு வார்த்தை. அது டிரம்முக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டது. கிரீஸ் அடைக்கும் வேலையே இல்லை, கெட்டால் பிரஸ் இல்லாமல் மாற்றவும் முடியாது. அதன் நட்டு ஒருமுறை மட்டுமே பயன்படும், முறுக்கு 290 நியூட்டன் மீட்டர். இந்த வகை உங்களுடையது என்றால் உதிரி பற்றிய கேள்விக்கு ஒரே பதில்தான்: பேரிங் போட்ட முழு டிரம், கூடவே புது நட்டு.

எங்கள் தேர்வு இப்படி. உப்புநீர், அடிக்கடி இறக்குவது என்றால் ஸ்பிரிங் மூடி, இரட்டை உதட்டுச் சீல், ஆண்டுக்கொரு முறை கட்டாயக் கழற்றல். நன்னீர், குறைந்த தூரம், பிரேக் இல்லை என்றால் ஸ்பிண்டில் வழியோ சாதாரண மூடியோ போதும். ஆயில் ஹப், வாரந்தோறும் ஓடும் வண்டிக்கு.

எந்த முறையானாலும் பின் சீல்

மூடிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியாவது சீலுக்கு வேண்டும். தண்ணீர் நுழைவது அங்கேதான். ஒற்றை உதட்டுச் சீலைப் படகு ட்ரெய்லரில் போடாதீர்கள். இரட்டை உதடும், உதட்டைச் சுற்றி மெல்லிய வளையச் ஸ்பிரிங்கும் உள்ளதை வாங்குங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஹப்பின் உள்நோக்கி இருக்க வேண்டும். ஹப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சீல் புதிதாகவே போட வேண்டும், கழற்றியதைத் திரும்பப் போட்டால் கசியும். தட்டி இறக்கும்போது சுத்தியலை நேரே படவிடாமல் ஒரு தட்டையான மரக்கட்டையை மேலே வைத்துச் சமமாக இறக்குங்கள்.

புதுச் சீல் போட்டும் கசிந்தால் ஸ்பிண்டிலைப் பாருங்கள். சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தாலோ துருப் புள்ளிகளில் தடுக்கினாலோ எந்தச் சீலும் அங்கே நிற்காது. எமரி தாளால் தேய்த்தால் புள்ளிகள் போகலாம், பள்ளம் போகாது. அதற்கு ஸ்பிண்டில் மேல் ஏற்றும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது. அதைப் போட்டால் அதற்கேற்ற உள்விட்டம் உள்ள சீலும் வாங்க வேண்டும்.

கழற்றி மாட்டும்போது

பொதுவான பரிந்துரை 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முந்துகிறதோ அது. படகு ட்ரெய்லர் அந்த மைலை எட்டவே எட்டாது, ஆகவே மாதக் கணக்குதான். உப்புநீரில் இறங்கும் ட்ரெய்லரை, நீண்டநாள் நிறுத்தப்போவதற்கு முன்பே திறந்து சுத்தம் செய்யுங்கள். பருவம் தொடங்கும்போது திறந்தால் துரு தன் வேலையை முடித்திருக்கும்.

பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றில் உலர்த்தி, வெளிச்சத்தில் பாருங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்ற வேண்டாம், வறண்ட ரோலர் கீறிக்கொள்ளும். ரோலரில் லேசான சாம்பல் மினுமினுப்பு சகஜம். நீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால் சூடேறியிருக்கிறது. பழுப்புக் கோடுகள், நகம் தடுக்கும் குழிகள் இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கோனை (ரோலர்கள் கோத்த உள்வளையம்) மாற்றினால் ஹப்புக்குள் இருக்கும் கப்பையும் (வெளிவளையம்) மாற்றியாக வேண்டும். பழைய கப்பில் ஓடும் புதுக் கோன் சீக்கிரமே பழைய கோனைப் போலாகிவிடும்.

கிரீஸ் என்.எல்.ஜி.ஐ. 2 தடிமன், சக்கர பேரிங்குக்கு ஏற்றது என்று காட்டும் ஜி.சி.-எல்.பி. குறியீடு, தண்ணீரில் கரையாத மரைன் வகை. கால்சியம் சல்ஃபொனேட், லித்தியம் காம்ப்ளெக்ஸ் இரண்டும் நல்லவை. ஆனால் வகை மாற்றினால் பழையதை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். குறிப்பாக பாலியூரியா கிரீஸும் லித்தியம் கிரீஸும் சேர்ந்தால் சில சமயம் நீர்த்துப்போய் ஓடிவிடும். நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது, அது வெறும் சாயம். அடைக்கும்போது உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மேல்பக்கத்தில் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் புழுப்போல வெளிவரும்வரை சுற்றிச் செய்ய வேண்டும்.

நட்டு இறுக்குவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பேரிங் கப்பில் நன்றாக உட்கார இது வேண்டும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் பிடிக்கும் அளவுக்குத் திருப்புங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை நேராக வரவில்லையென்றால் அடுத்த பள்ளத்துக்குத் தளர்த்துங்கள். ஒருபோதும் இறுக்கி நேராக்காதீர்கள். பின் எப்போதும் புதிது. ஸ்பேனரால் இறுக்கியபடியே விட்டுவிட்டால், சூட்டில் உலோகம் விரியும்போது இடைவெளியே இல்லாமல் பேரிங் தன்னைத்தானே வறுத்துக்கொள்ளும்.

உதிரி: தனிப் பேரிங்கா, மாட்டத் தயாரான ஹப்பா?

தனிப் பேரிங் செட் என்பது உள்பேரிங், வெளிப்பேரிங், இரண்டுக்கும் கப், சீல், காட்டர் பின். ஒரு கையளவுப் பைக்குள் அடங்கும், விலை குறைவு. ஆனால் சாலையோரத்தில் அதைப் போடுவதற்கு ஹப்புக்குள்ளிருந்து பழைய கப்பை உளியால் இருபுறமும் மாறிமாறித் தட்டி வெளியே எடுக்க வேண்டும். புதுக் கப்பைக் கோணாமல் அடிவரை இறக்க வேண்டும். மணல் படாமல் கிரீஸ் அடைக்க வேண்டும். இருட்டில், லாரிகள் உரசிப்போகும் ஓரத்தில் இதைச் செய்ய கைப்பழக்கம் வேண்டும். பேரிங் வெடித்து ஹப்பின் உள்சுவரே கீறியிருந்தால் கப் பிடித்து நிற்காது, செட் முழுக்க வீண்.

மாட்டத் தயாரான ஹப் என்றால் கப்புகள் அழுத்தி, பேரிங்கில் கிரீஸ் அடைத்து, சீல் போட்டு, ஸ்டட்டுகளோடு பையில் கட்டி வைத்த முழு ஹப். பழையதை இழுத்துப்போட்டு, ஸ்பிண்டிலைத் துடைத்து, இதை ஏற்றி, வாஷர், நட்டு, பின், மூடி போட்டால் முடிந்தது. பழகியவருக்கு அரை மணி நேர வேலை. எடை சில கிலோ, விலை அதிகம், ஆனாலும் 50 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கும் எவருக்கும் இதைத்தான் சொல்வோம். டிரம் பிரேக் என்றால் ஹப்பும் டிரம்மும் ஒன்றாகவே வரும், எடை கூடும். அப்படியும் கொண்டுபோவது நல்லது. ஸ்டட்டு எண்ணிக்கையும் வட்ட விட்டமும் பொருந்த வேண்டும்: 5 ஸ்டட்டு, 4.5 அங்குல வட்டம் பரவலானது, ஆனால் அளக்காமல் நம்பாதீர்கள்.

வீட்டிலிருந்து பத்து இருபது கிலோமீட்டரில் இறங்குதுறை உள்ளவருக்கு, செட்டும் கிரீஸும் வீட்டு அலமாரியில் இருந்தாலே போதும். இரண்டு வகைக்கும் ஒரு பொது எல்லை உண்டு: உள்பேரிங்கின் உள்வளையம் ஸ்பிண்டிலோடு ஒட்டியிருந்தால் உளியால் குறுக்கே வெட்டிப் பிளந்துதான் எடுக்க வேண்டும், அதன் அடியில் ஸ்பிண்டிலே அரைபட்டிருந்தால் எந்த உதிரியாலும் பயனில்லை, ட்ரெய்லரைத் தூக்கிப்போகும் வண்டிதான் வழி. அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, ஓட்டத்தில் 20 நிமிடத்துக்குப் பின் ஒருமுறை நிறுத்தி எல்லா ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுட்டால் அங்கேயே தூக்கிப் பாருங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும், சுற்றினால் அரைபடும் ஒலி கேட்கும்.

எண்களில் உள்ள பொறி

பேரிங் எண் கோனின் பக்கத்திலும் கப்பின் விளிம்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 3,500 பவுண்டு ஆக்சிலில் வழக்கமாக உள்ளே எல்68149, வெளியே எல்44649. சிறிய ட்ரெய்லரில் 1 அங்குல ஸ்பிண்டிலுக்கு எல்44643. இந்த எல்44643, எல்44649 இரண்டும் எல்44610 என்ற ஒரே கப்பில்தான் உட்காரும். உள்விட்டம்தான் வேறு: முன்னது 25.4 மில்லிமீட்டர், பின்னது 27 மில்லிமீட்டர். பெரியதைச் சிறிய ஸ்பிண்டிலில் ஏற்றினால் ஏறத்தான் செய்யும், ஓடும்போது ஆடி ஸ்பிண்டிலைத் தின்றுவிடும். அதேபோல எல்68149 கோனுக்கு எல்68110, எல்68111 என்று இரண்டு கப்புகள் உண்டு. வெளிவிட்டம் 59.1, 60 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. சிறியது பெரிய ஹப்பில் தளர்ந்து சுழலும், பெரியது சிறிய ஹப்பில் இறங்கவே இறங்காது. பழைய ஹப்பைத் திறந்து நான்கு எண்களையும் சீல் எண்ணையும் அழியாத மையில் எழுதி, ட்ரெய்லரின் நாக்குப் பகுதியில் (வண்டியோடு இணையும் முன்பகுதி) ஒட்டி வையுங்கள். ஆஸ்திரேலிய ட்ரெய்லர்களில் வரும் எல்.எம். வகை செட் முற்றிலும் வேறு எண்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெட்டியில் இருக்க வேண்டியவை

ஹப்பையும் ஸ்டெப்னியையும் வைத்துக்கொண்டு ஜாக்கி இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. காரின் ஜாக்கி, டயர் காற்றிறங்கிய ட்ரெய்லரின் ஆக்சிலுக்குக் கீழே போகிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். கூடவே ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகை, சக்கரத் தடுப்புக் கட்டை இரண்டு, வீல் ஸ்பேனர், ஸ்பிண்டில் நட்டுக்கான பெரிய பிளேயர் அல்லது ஸ்பேனர், பின் எடுக்க கட்டிங் பிளேயர், சுத்தியல், உளி, எமரி தாள், பழைய துணி, கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, ஒரு குழாய் கிரீஸ், காட்டர் பின் நான்கு, உதிரி சீல் இரண்டு, வாஷர், நட்டு, மூடி. தனிப் பேரிங் செட் கொண்டுபோவதானால் ஒரு பழைய கப்பை வெளிச்சுற்றில் லேசாகத் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் கப்பை அடித்து இறக்க அதைவிட நல்ல கருவி இல்லை; தேய்த்திருப்பதால் ஹப்புக்குள் மாட்டிக்கொள்ளவும் செய்யாது.

உதிரி ஹப்பைப் பலர் ட்ரெய்லர் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டி வைப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் மூடி இருந்தால் சரி. திறந்த பின்பக்கத்தோடு மாட்டினால் ஒவ்வொரு முறை படகை இறக்கும்போதும் அதற்கும் தண்ணீர் அபிஷேகம்தான், தேவைப்படும் நாளில் அதுவும் துருவாகவே இருக்கும். தடிமனான பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வண்டிக்குள் வைப்பது மேல். ரப்பர் சீல் வருடங்கள் போனால் இறுகிவிடும் என்பதால், ஆண்டுப் பராமரிப்பின்போது உதிரி ஹப்பை ட்ரெய்லரில் மாட்டி ஓடவிடுங்கள். கழற்றியதைக் கழுவி, புதுச் சீல் போட்டு, அடுத்த ஆண்டுக்கான உதிரியாகக் கட்டி வையுங்கள். வழியில் மாற்றினால் வீல் நட்டுகளை 15, 40, 80 கிலோமீட்டரில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் புது ஹப்பின் மேல் கையை வைத்துப் பாருங்கள்.